பஸ்ஸில் கண்டிக்குப் போகும் மகனுக்கு

மகன், ஸலாம். நீ மாப்பிள்ளையாகப் போயிருக்கிற உன் மாமி வீடு நம் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறது, இதற்கு ஒரு கடிதமா என்று நீ கேட்பாய். நான் என்ன செய்வேன்? போனில் சொல்லலாம் என்று எடுத்தால், நீ ஹலோ சொல்ல முந்தியே பின்னால் உன் மாமி, "ஆரு மகன், வாப்பாவா? சாப்பிட்டாராமா எண்டு கேளுங்க" என்கிறார். நேரில் வந்து சொல்லலாம் என்றால், நான் கதிரையில் உட்கார்ந்ததும் உன் மாமா, மச்சான்மார், பக்கத்து வீட்டு ஆட்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். குரல் பதிந்து அனுப்பினால் அது அந்த வீட்டில் யாருடைய கையில் இருக்கும் போனில் ஒலிக்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். ஜும்ஆவுக்கு வரும்போது கையில் தருவேன், பள்ளியிலிருந்து வெளியே வந்ததும் தனியாக நின்று வாசி. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். காலமெல்லாம் புடவைக்கடையில் துணி கிழித்துக் கொடுத்தவன் நான், கேட்ட அளவுக்கு மேல் நாலு விரல் விட்டுக் கொடுத்துத்தான் பழக்கம்.

போன வெள்ளிக்கிழமை உன்னைப் பார்க்க வந்தேனே, அன்றிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. புது மெத்தைக் கதிரையில், வெள்ளைச் சாரன் மடிப்புக் கலையாமல், முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு இருந்தாய். மாமி பலகாரத் தட்டை நீட்டினால் "காணும் மாமி" என்றாய். மாமா ஏதும் கேட்டால் "ஓம் மாமா" என்றாய். ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வந்தவன்கூட இதைவிடச் சத்தமாகக் கதைப்பான். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நீ சிரித்தால் தெரு முனைக் கடைக்காரர் என்னிடம், "மகன் ஊட்ட இரிக்கான் போல" என்று சொல்வார். அப்படிப்பட்ட சிரிப்பு உன் சிரிப்பு. அன்று நான் வேண்டுமென்றே ஒரு பகிடி விட்டேன். பழைய பகிடிதான், ஆனால் நீ எத்தனை தடவை கேட்டாலும் விழுந்து விழுந்து சிரிக்கிற பகிடி. நீ உதட்டை மூடிக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரித்தாய். மருமகள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் இப்படித்தான் சிரிக்கிறவர் என்று அந்தப் பிள்ளை நம்பிவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

உன்னைக் குறை சொல்லவில்லை. நம் பக்கத்து வழக்கம் அப்படி. பெண் பிறந்த வீட்டிலேயே இருக்கிறாள், மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறான். மற்ற ஊர்களில் புது மருமகள் படுகிற பாட்டை எல்லாம் இங்கே புது மருமகன் படுகிறான். ஒரே ஒரு வித்தியாசம், நமக்கு வேலை தரமாட்டார்கள், சோறுதான் தருவார்கள். உன் லீவில் பாதி விருந்துச் சோற்றிலேயே போய்விட்டது. மீதிப் பாதியும் முடிந்தால் நீ கட்டாருக்குத் திரும்ப வேண்டும், மறுகா லீவு கிடைக்க இரண்டு வருடம். அதன் பிறகு உங்கள் குடும்பம் நடக்கப்போவது போனுக்குள்ளேதான். போனில் கேட்கிற சிரிப்பு உண்மையான சிரிப்பா, அவளைச் சமாளிக்கிற சிரிப்பா என்று அவள் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், உண்மையானதை ஒரு தடவையாவது நேரில் கேட்டிருக்க வேண்டும். என்னுடைய கவலை இதுதான். கண்டியில் மூன்று நாள் இருந்துவிட்டு வருகிறோம் வாப்பா, கையில் இருக்கிற கொஞ்சக் காசில் சமாளிப்போம் என்று நீ சொன்னபோது நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை உன் மாமி ஒரு வார்த்தை சொன்னார்.

"சம்பந்தி, வேன் ஒண்டப் பிடிச்சா எல்லாருமாப் போயிட்டு வரலாம். பங்கு போட்டா ஆளுக்குக் கொஞ்சம்தான் வரும். மாப்பிள்ளைக்கும் செலவு மிச்சம். எல்லாம் நம்மட ஆக்கள்தானே."

நீ தலையைக் குனிந்தபடி, "ஓம் மாமி, அதுவும் நல்லம்தான்" என்றாய். கதவுக்கு அந்தப் பக்கம் மருமகளின் முகம் விழுந்ததை நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை. உன் மாமி நல்ல மனுஷி. உன் காசை மிச்சப்படுத்தத்தான் சொன்னார், அதில் ஒரு வஞ்சகமும் இல்லை. ஆனால் மகன், அந்த வேனை எனக்குத் தெரியும். நான் அதில் போயிருக்கிறேன்.

உன் உம்மாவைக் கல்யாணம் முடித்து நான் அவள் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த இரண்டு மாதத்திலும் அவள் என்னோடு முழு வசனம் ஒன்று கதைத்தது கிடையாது. "தேத்தண்ணி" என்பாள், "சோறு" என்பாள், "வாப்பா கூப்பிடுறாங்க" என்பாள், அவ்வளவுதான். நானும் இலேசான ஆளில்லை, "ம்" என்பேன். கடை முதலாளி மூன்று நாள் லீவு தந்தார். கையில் பெரிதாக ஒன்றும் இல்லை, பஸ்ஸில் போய், ஒரு சின்ன அறை எடுத்து, கண்டி வாவியைச் சுற்றி நடந்துவிட்டு வருவோம், நடக்கிற நேரம் ஏதாவது கதை வராமலா போகும் என்று கணக்குப் போட்டேன். கணக்குச் சரிதான். ஆனால் புறப்பட முந்திய நாள் நான் பயணம் சொல்லப் போனேன். ஊர் தாண்டிப் போகிறவன் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய், போய்வருகிறேன், ஏதும் குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத்தானே நம் ஆட்கள் போகிறது. நல்ல வழக்கம். ஹஜ்ஜுக்குப் போகிறவனுக்கு மிகவும் ஏற்றது. பெண்சாதியோடு கண்டிக்குப் போகிறவனுக்கு ஏற்றதல்ல என்று எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரவில்லை.

முதல் வீட்டிலேயே மாட்டிக்கொண்டேன். என் மாமியின் தங்கை, "வேன்லயா மகன் போறீங்க?" என்று கேட்டார். பஸ்ஸில் என்றேன். "சீ, புதுப் பொண்ணக் கூட்டிட்டு பஸ்ஸிலயா? என்ன கத இது? வேன் ஒண்டப் பிடிங்க, நாங்களும் வாறம், பங்கு போடுவம்." நான் தலையாட்டினேன். மாமி வீட்டு ஆட்களுக்கு மாட்டேன் என்று சொல்கிற வித்தை நம் ஊர் மாப்பிள்ளைகளுக்கு இன்னும் கைவரவில்லை. அந்தச் செய்தி எனக்கு முன்னாலேயே அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. விடிய எழும்பிப் பார்த்தால் வாசலில் வேன் நிற்கிறது, வேனைச் சுற்றிக் கல்யாண வீடு மாதிரி ஆட்கள் நிற்கிறார்கள். கூரையில் அண்டா, விறகுக் கட்டு, பாய், அரிசி மூட்டை. ஆண்கள் முன்னுக்கு, பெண்கள் பின்னுக்கு, நடுவில் பைகளை மதில் மாதிரி அடுக்கியிருந்தார்கள். நான் டிரைவருக்குப் பக்கத்தில். உன் உம்மா கடைசி சீட்டின் மூலையில், மடியில் யாருடையதோ ஒரு குழந்தை. அந்த மதிலுக்கு அங்கால அவள் இருக்கிறாளா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை.

பங்கு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், உனக்கு அது முக்கியம். பங்கு போட்டால் மலிவு என்பது உண்மை, பங்கு வந்து சேர்ந்தால். தேநீர்க் கடையில் நிறுத்துவோம். எல்லாரும் குடிப்போம், வடை தின்போம். காசு கொடுக்கும் நேரம் வந்ததும் ஆண்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கை கழுவ வேண்டிய தேவை வரும். அப்படிக் கவனமாகக் கை கழுவுகிற மனிதர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கல்லாவுக்கு முன்னால் மாப்பிள்ளை மட்டும் நிற்பான். மூத்தவர்களிடம் பங்கு கேட்க முடியுமா? கேட்டால் மறுகா அந்த வீட்டில் இருக்க முடியுமா? அதோடு அது சோதனைச் சாவடிகள் இருந்த காலம். ஒவ்வொரு சாவடியிலும் அண்டாவை இறக்கித் திறந்து காட்ட வேண்டும். ஒரு சிப்பாய் மூடியைத் திறந்து இறைச்சிக் கறியை மணந்து பார்த்துவிட்டு, தன் கூட்டாளியையும் கூப்பிட்டு மணக்க வைத்தான். மகியங்கனையில் ஆற்றங்கரையில் அடுப்பு மூட்டிச் சோறாக்கி, குளித்து, தொழுது, தின்று, ஒரு தூக்கமும் போட்டு எழும்பும்போது பொழுது சாயப் பார்த்தது.

அதற்குப் பிறகுதான் மலை ஏறுகிற பதினெட்டு வளைவு ரோடு. கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் என் மாமிக்கு ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தர் இருந்தார். அவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதென்று அம்பாறையில் எருமைத் தயிர்ச் சட்டிகள் வாங்கி, அந்தப் பை மதிலின் உச்சியில் வைத்திருந்தார்கள். மதிலுக்கு முன்னால் மாமியின் கூடப்பிறந்த மூத்தவர், பெரிய காக்கா, உட்கார்ந்து நல்ல தூக்கம். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தவர், ஊரில் அவர் வந்தால் சின்னவர்கள் தெருவை மாற்றி நடப்பார்கள். எந்த வளைவு என்று ஞாபகமில்லை, வேன் ஒரு திருப்புத் திரும்பியது, ஒரு சட்டி சரிந்து வந்து அவருடைய தலையில் கவிழ்ந்தது. குளிர்ந்த தயிர். மனுஷன் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தால் எல்லாம் வெள்ளையாகத் தெரிந்திருக்கிறது. வேன் பள்ளத்தில் விழுந்து தான் மௌத்தாகிவிட்டதாகவே நினைத்துவிட்டார். "கலிமாவச் சொல்லுங்க! எல்லாரும் கலிமாவச் சொல்லுங்க!" என்று கத்தினார். பின்னால் இருந்த பெண்களுக்கு மதில் மறைத்ததில் ஒன்றும் தெரியவில்லை, அவர்களும் கலிமாவைச் சொல்லி அழத் தொடங்கினார்கள். டிரைவர் சிங்களவர், அவருக்குக் கலிமா தெரியாது, ஆனால் விஷயம் பெரிது என்று விளங்கியது. வேனை நிறுத்திவிட்டு முதல் ஆளாகக் குதித்து இறங்கினார்.

எனக்குச் சிரிப்பு வந்தது மகன். அடக்கிப் பார்த்தேன். பல்லைக் கடித்தேன், இருமினேன், மனைவியின் மாமா, பெரிய மனுஷன் என்று எனக்கு நானே புத்தி சொன்னேன். ஒன்றும் சரிவரவில்லை. இரண்டு மாதமாக அந்த வீட்டில் அடக்கி வைத்த சிரிப்பெல்லாம் சேர்ந்து வந்தது. கதவைத் திறந்து இறங்கி, ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். சரி, நம் கதை முடிந்தது, இனி இந்த வீட்டில் இருப்பதற்கில்லை என்று நினைத்துக்கொண்டேதான் சிரித்தேன். காக்கா முகத்தை வழித்தார், என்னைப் பார்த்தார், விரலை வாயில் வைத்து நக்கினார். "இது எங்க வாங்கின தயிர்? நல்லா இரிக்கே" என்றார். அதற்குப் பிறகு அந்த மலையில் சிரிக்காதவர் ஒருத்தரும் இல்லை.

கண்டியை நாங்கள் பார்த்தோமா என்று கேட்காதே. கட்டுகஸ்தோட்டை வீட்டில் ஆண்கள் ஹோலில், பெண்கள் அறையில். ஒரு நாள் முழுக்க அந்த வீட்டு விருந்து, அடுத்த நாள் அவர்களுடைய சம்பந்தி வீட்டு விருந்து. வாவிக்கரைக்குப் போனது திரும்புகிற அன்றுதான். அங்கேயும் எல்லாரும் எதிர்ப்பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளிக் கடையைக் கண்டு அதற்குள் நுழைந்துவிட்டார்கள். நம் கல்முனையில் இல்லாத வாளியா? ஆனால் அது கண்டி வாளி. சாமான்களுக்குக் காவலாக என்னையும் உன் உம்மாவையும் வெளியே நிறுத்தினார்கள். அந்தப் பயணத்தில் எங்களுக்குக் கிடைத்த தனிமை அதுதான், ஒரு வாளிக்கு விலை பேசுகிற நேரம். அவள் வாவியைப் பார்த்தபடி சொன்னாள், "நீங்க இப்பிடிச் சிரிப்பீங்க எண்டு எனக்குத் தெரியா."

"ஆக்கள் பேசினாங்களா?" என்றேன்.

"பேசினா பேசட்டும். நான் பயந்து போயித்தான் இருந்த. நீங்க ஒண்டும் கதைக்கிறல்ல, சிரிக்கிறல்ல. என்னப் புடிக்கல்லயாக்கும் எண்டு நினைச்ச." காலடியில் இருந்த பையை நேராக்கி வைத்தாள். "ஊட்ட போயும் இப்பிடிச் சிரிங்க."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மாமி வந்து என் இரண்டு கையிலும் இரண்டு வாளியைத் தந்துவிட்டுப் போனார். அந்தப் பதிலை நான் எப்போது சொன்னேன் தெரியுமா? நீ பிறந்த பிறகு. உனக்கு அப்படியொரு தாமதம் வரக் கூடாது என்பதற்குத்தான் இத்தனை எழுத்தும்.

காசில்லாமல் ஊர் சுற்றுவது துன்பம் என்று நினைக்காதே. நீ முதல் தடவை வெளிநாடு போக மெடிக்கல் எடுக்க உன்னைக் கொழும்புக்குக் கூட்டிப் போனேனே, புறக்கோட்டையில் ஒரு கடைக்கு மேலே அறை, காற்றாடி சுற்றினால் கட்டிலும் சேர்ந்து ஆடும். பின்னேரம் காலிமுகத்திடலில் ஒரு இறால் வடை வாங்கி நீ பாதி நான் பாதி என்று பிய்க்கும் நேரம் ஒரு காகம் வந்து இறால் இருந்த பாதியைத் தூக்கிக்கொண்டு போனது. நீ சிரித்த சிரிப்பில் நடந்துபோன பொலிஸ்காரர் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு நான் எவ்வளவோ நல்ல சாப்பாடு சாப்பிட்டுவிட்டேன், அந்த இறாலில்லாப் பாதிதான் நினைவில் நிற்கிறது. நீ அப்படிச் சிரிப்பதை அந்தப் பிள்ளை பார்க்க வேண்டும். காகத்துக்குச் செலவில்லை.

ஆகவே கேள். காலை பஸ்ஸில் போ. சீட்டுப் பிடிக்க நேரத்தோடு போ, அவளை யன்னல் பக்கம் விடு. மத்தியானச் சாப்பாட்டை உன் உம்மா கட்டித் தருவாள், வழியில் கடைக்குப் போகத் தேவையில்லை. வாவியைப் பார்த்த அறைதான் வேண்டும் என்று நிற்காதே. வாவிக்கு யாரும் டிக்கட் வெட்டுவதில்லை, இறங்கி நடந்தால் அது உனக்கும் சொந்தம். அறை சின்னதாக இருந்தாலும் கதவின் தாழ்ப்பாள் ஒழுங்காக இருக்கிறதா என்று பார், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. உன் மச்சான் பிள்ளைகள் உங்கள் அறைக்குள் தட்டாமல் ஓடி வருவதை நான் கண்ணால் கண்டவன். சோற்றுப் பார்சல் ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்குக் காணும். கொத்து ரொட்டி ஒன்று சொல்லிவிட்டு இரண்டு பிளேட் கேள். கடைக்காரன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், அது அவனுடைய முகம். பேராதனைத் தோட்டத்துக்கு மூன்றாம் வகுப்பு ரயிலில் போ. தோட்டத்து டிக்கட்டில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதே, காட்டினால் நீ என் மகன் இல்லை. ஒரு முழு நாளை அங்கே போட்டுவிடு, புல்லில் உட்கார், நித்திரை வந்தால் நித்திரை கொள். இரண்டாம் நாள் பின்னேரம் கால் நோவும், அந்த நேரம் ஒரு சின்னச் சண்டை வரும். அது கால்வலிச் சண்டை, குடும்பச் சண்டை இல்லை. பேசாமல் ஒரு கடையில் உட்கார்ந்து இரண்டு பிளேன்டீ சொல்லு. ஊருக்கு ஒன்றும் வாங்கி வராதே. முக்கியமாக வாளி வாங்காதே. போட்டோ எடு, ஆனால் ஸ்டேட்டஸ் போடாதே. நீ போட்டுக் கை எடுக்க முந்தி கட்டுகஸ்தோட்டையில் இருந்து, "கண்டிக்கு வந்துட்டு எங்கட ஊட்ட வராமலா?" என்று அழைப்பு வரும், அடுத்த நாள் நீ விருந்துப் பாயில் இருப்பாய்.

இனி வேன் விஷயம். அதை நீ யோசிக்க வேண்டாம், நான் முடித்துவிட்டேன். நீ வீட்டில் இல்லாத நேரம் நேற்று உன் மாமியிடம் போனேன். "சம்பந்தி, நீங்க சொன்ன யோசன நல்லம். வேன் நான் பிடிக்கிறன், செலவு எண்ட பொறுப்பு. ஆனா கண்டிக்கு வேணாம், திருகோணமலைக்குப் போவம். கன்னியாவில சுடுதண்ணிக் கிணத்துல குளிச்சா ஒங்கட முழங்கால் நோவுக்கும் நல்லம்" என்றேன். முழங்கால் என்றதும் அவருக்குக் கண்டி மறந்துவிட்டது. அங்கிருந்து இறங்கி, மகன், நான் பயணம் சொல்லப் போனேன். ஒரு வீட்டை விடவில்லை. உன் மாமாவின் தங்கை வீடு, உன் சாச்சா வீடு, அந்த வீட்டுக்குப் பக்கத்து வீடு, எல்லா இடத்திலும் ஏறி, போய்வருகிறோம், குற்றம் குறை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். எல்லாரும் பொறுத்துக்கொண்டார்கள். பொறுத்துக்கொண்ட பிறகு, "வேன்ல இடமிரிக்கா?" என்று கேட்டார்கள். "அல்லாஹ்ட கிருபையால இரிக்கி, வாங்க" என்றேன். மஃரிபுக்கு முந்தியே வேன் நிரம்பி வழிந்தது. நம் ஊர் என்னைக் கைவிடவில்லை.

இரவு உன் மாமி போன் எடுத்தார். "சம்பந்தி, எல்லாரும் ஏறினா மாப்பிள்ளையும் புள்ளையும் எங்க இரிக்கிற?"

"இடமில்லத்தான் சம்பந்தி. அவங்க ரெண்டு பேரும் பஸ்ஸில போகட்டும்."

"புதுப் பொண்ண பஸ்ஸிலயா?"

"அவங்களுக்கு வாலிபம், கால் கை நல்லா இரிக்கி. முழங்கால் நோவுக்காரங்கள எழுப்பிட்டு அவங்கள இருத்துற முறையா?"

ஓம் அதுவும் சரிதான் என்றார். எந்த பஸ், எங்கே போகிற பஸ் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் பொய் சொல்லவில்லை என்பதை நீ கவனி. வேன் கன்னியாவுக்குப் போய்ச் சேர்ந்து, பிள்ளைகள் எங்கே என்று எல்லாரும் தேடும்போது நான் என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியாது. ஏதும் ஒரு வழியை அல்லாஹ் காட்டித் தருவான். காட்டாவிட்டால் பேச்சை வாங்கிக்கொள்கிறேன், ஊரில் மாப்பிள்ளையாக இருந்து பழகிய முதுகு இது, தாங்கும். நீ அந்த நேரம் போனை அணைத்துவை.

நான் மட்டும் மறுபடியும் அந்த வேனில், அண்டாவோடும் விறகோடும், டிரைவருக்குப் பக்கத்தில் இருந்து போகப் போகிறேன் என்று நினைத்து நேற்றிரவு கொஞ்சம் மனம் சோர்ந்துதான் இருந்தது. நீங்கள் ஏறப்போவது கண்டி பஸ்ஸில்தான் என்பதை உன் உம்மாவிடம் நான் சொல்லவில்லை, அவள் வாயில் ஒன்றும் நிற்காது என்று. ஆனால் காலையில் உன் மாமியும் மற்றப் பெண்களும் யார் எங்கே இருப்பது என்று பேச நம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஆண்கள் முன்னுக்கு, பெண்கள் பின்னுக்கு என்று முடிவாகும் நேரம், குசினிக்குள் இருந்த உன் உம்மா வெளியே வந்தாள். "எனக்கு வேன்ல வயித்தப் பிரட்டும். என்னால பின்னுக்கு இரிக்க ஏலா. முன்னுக்கு, இவருக்குப் பக்கத்துலதான் இருப்பன்" என்றாள். எல்லாரும் ஐயோ பாவம் என்றார்கள். உன் மாமி உடனே ஆள் அனுப்பி அவளுக்குத் தேசிக்காயும் பையும் எடுப்பித்துக் கொடுத்தார். அவள் தேசிக்காயை மணந்துகொண்டு என் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. மகன், உன் உம்மாவோடு நான் எத்தனையோ வாகனத்தில் எத்தனையோ ஊர் போயிருக்கிறேன். அவளுக்கு வயிற்றைப் பிரட்டியது நீ வயிற்றில் இருந்த மாதங்களில் மட்டும்தான்.